பழைய கம்ப்யூட்டர் எங்கே போகிறது? தடம் பிடிக்கப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

மின்கழிவைத் தேடிக் கிளம்புகிறவர்களில் பலர் கடைசிக் காட்சியில்தான் தொடங்குகிறார்கள். கறுப்புப் புகை, எரியும் ஒயர், பக்கத்தில் நிற்கும் சிறுவன். படம் கிடைத்தது, கட்டுரையும் முடிந்தது. அந்த ஒயர் எந்த அலுவலகத்திலிருந்து கிளம்பியது, எத்தனை கை மாறியது, எந்த விலைக்கு அங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எரிக்கிறவருக்கும் தெரியாது. அவர் வாங்கியது கிலோக் கணக்கில் ஒயர், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி மாணவர்கள், புதிதாகச் செய்தித் துறைக்கு வந்தவர்கள், தங்கள் ஊர்க் குப்பைமேட்டைப் பற்றிக் கவலைப்படும் தன்னார்வலர்கள் ஆகியோருக்கானது. பெரிய பணமோ கருவியோ வேண்டாம். பொறுமையும் எழுதிவைக்கும் பழக்கமும் போதும்.

ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள்

"மின்கழிவு" என்று மொத்தமாகத் தேடினால் எதுவும் அகப்படாது. பழைய ஃப்ரிட்ஜ் போகும் வழி வேறு, மொபைல் போகும் வழி வேறு. ஃப்ரிட்ஜ் கனமானது, ஏற்றிச் செல்லச் செலவு அதிகம், அதனால் பெரும்பாலும் உள்ளூரிலேயே கம்ப்ரஸரும் தகரமுமாகப் பிரிந்துவிடும். மொபைல் சிறியது. இரண்டாம் கை, மூன்றாம் கை என்று வாழ்ந்து, செத்த பிறகும் டிஸ்பிளேக்காகவும் ஐசி என்ற சிப்புக்காகவும் பல மாதம் ஏதாவது ஒரு கடையின் டப்பாவில் கிடக்கும். பிக்சர் டியூப் டிவியை யாரும் விரும்புவதில்லை. சர்வர் போர்டுக்கோ போட்டி நடக்கும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பின்தொடருங்கள். புதியவர்களுக்கு அலுவலக மேசைக் கம்ப்யூட்டர் அல்லது பிரிண்டரைப் பரிந்துரைப்பேன். மொத்தமாக வெளியேறும், ஓரளவு காகிதத் தடமும் இருக்கும்.

எடுத்த பொருளின் பின்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். மாடல் எண், வரிசை எண், தயாரித்த மாதம், எந்த நாட்டு மின்னழுத்தத்துக்குச் செய்தது என்பதெல்லாம் அங்கே இருக்கும். 110 வோல்ட் மட்டுமே ஏற்கும் பிரிண்டர் ஒன்று 230 வோல்ட் நாட்டின் காயலான் கடையில் கிடந்தால், அது உள்ளூரில் விற்ற சரக்காக இருக்க வாய்ப்புக் குறைவு. எல்லாவற்றையும்விட உதவுவது, அலுவலகங்கள் ஒட்டும் சொத்து எண் ஸ்டிக்கர். கணக்கில் கழித்துவிட்டதாக எழுதிக்கொள்ளும் அலுவலகம் ஸ்டிக்கரைக் கிழிக்கச் சோம்பல்படும். 2005இல் நைஜீரியாவின் லாகோஸில் அமெரிக்காவைச் சேர்ந்த பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு செய்த ஆய்வில், குவியலில் கிடந்தவை யாருடையவை என்று காட்டிக்கொடுத்தவை இந்த ஸ்டிக்கர்களும் அழிக்காமல் விட்ட ஹார்டு டிஸ்க்குகளும்தான். ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். ஹார்டு டிஸ்க் கிடைத்தால் திறந்து படிக்காதீர்கள். அது இன்னொருவருடைய வாழ்க்கை.

யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?

இந்த வேலையில் ஒரு கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்றால் அது இதுதான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பொருளைக் கொடுப்பவருக்குப் பணம் கிடைத்தால், அதை வாங்குகிறவர் அடுத்த ஆளிடம் லாபம் பார்க்கப்போகிறார். அந்தப் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். கொடுப்பவரே பணமும் கொடுத்து "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று சொன்னால் கவனமாக இருங்கள். வாங்கியவருக்கு வரவேண்டிய லாபம் ஏற்கெனவே வந்துவிட்டது. இனி அந்தப் பொருளுக்கு ஆகும் ஒவ்வொரு ரூபாயும் அவருக்கு நஷ்டம். பின்வாசல் வழியாகக் காணாமல் போவது இந்த வகைதான்.

பிக்சர் டியூப் இதற்குச் சரியான உதாரணம். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. புது டியூப் செய்யும் ஆலைகள் இருந்தவரை பழைய கண்ணாடிக்கு மதிப்பு இருந்தது. தட்டைத் திரை வந்ததும் அந்த ஆலைகள் மூடின, கண்ணாடியை வாங்க ஆளில்லை. அமெரிக்காவில் மறுசுழற்சிக்கு என்று கட்டணம் வாங்கிய சில நிறுவனங்கள் டியூப்களைக் கிடங்குகளில் குவித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போயே போய்விட்டன. நம் ஊரில் அதே கதை சிறிய அளவில் நடக்கிறது. சாலையோரத்தில் உடைந்து கிடக்கும் டியூபை ஒருமுறை குனிந்து பாருங்கள். டியூபின் கழுத்தைச் சுற்றி இருந்த, மெக்கானிக்குகள் யோக் என்று சொல்லும் தாமிரச் சுருள் இருக்காது. பணம் தருவது போய்விட்டது, செலவு வைப்பது அங்கேயே கிடக்கிறது.

பொருள் ஒன்றாக இருந்தாலும் சந்தையில் அதற்கு மூன்று விலை உண்டு. ஓடுகிற நிலையில் பீஸ் விலை, கழற்றினால் பாக விலை, உடைத்தால் கிலோ விலை. பீஸ் விலையும் பாக விலையும் கிலோ விலைக்குக் கீழே இறங்கும் நாளில்தான் ஒரு கம்ப்யூட்டர் உண்மையில் கழிவாகிறது. சட்டம் வேறு நாளைச் சொல்லலாம், அலுவலகக் கணக்கு இன்னொரு நாளைச் சொல்லலாம். சந்தை சொல்லும் நாளைக் கண்டுபிடித்தால், பொருள் பழுதுபார்ப்பவரிடமிருந்து உடைப்பவரிடம் தாவும் இடமும் தெரிந்துவிடும். மூன்று விலைகளையும் மாதம் ஒருமுறை கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உலகத் தாமிர விலை ஏறும்போது குறிப்பேட்டில் என்ன மாறுகிறது என்று கவனியுங்கள்.

ஒயர் எரிப்பதற்கும் விலையே காரணம். கத்தியால் சீவி எடுத்த பளபளப்பான தாமிரத்துக்கு நல்ல விலை, எரித்து எடுத்த கறுத்த தாமிரத்துக்குக் குறைந்த விலை. தடித்த கேபிளை யாரும் எரிப்பதில்லை, சீவினால்தான் லாபம். மெல்லிய ஒயரைச் சீவக் கூலி கட்டாது, அதனால் தீ வைக்கிறார்கள். எரிக்கும் இடத்தில் என்ன தடிமன் ஒயர் கிடக்கிறது என்று பார்த்தாலே அங்கே கூலி நிலவரம் என்னவென்று ஊகிக்கலாம். அறியாமையால் எரிக்கிறார்கள் என்று எழுதும் கட்டுரைகள் எனக்கு எரிச்சல் ஊட்டுவது இதனால்தான். கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

எண்களை எதுவரை நம்பலாம்

ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலக மின்கழிவுக் கண்காணிப்பு அறிக்கைப்படி, 2022இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது 22.3 விழுக்காடு. எல்லை தாண்டிப் போனது சுமார் 51 லட்சம் டன். அதில் ஏறத்தாழ 33 லட்சம் டன் பணக்கார நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்குக் கட்டுப்பாடோ கணக்கோ இல்லாமல் போனது. கணக்கில் வராததற்கு எப்படிக் கணக்குச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால், இந்த வேலைக்கு நீங்கள் பொருத்தமானவர்தான். விற்பனையான பொருள்களின் எடை, அவை சராசரியாக எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது ஆகிய இரண்டையும் வைத்துத்தான் மொத்தக் கழிவை மதிப்பிடுகிறார்கள். யாரும் தராசில் வைத்து நிறுத்த எண் அல்ல.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே அறிக்கை 2022க்கு இந்தியாவில் சுமார் 41 லட்சம் டன் என்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021-22 கணக்கில் சுமார் 16 லட்சம் டன். யாரும் பொய் சொல்லவில்லை. வாரியத்தின் கணக்கு, அப்போதைய விதிகளில் இருந்த 21 வகைப் பொருள்களுக்கு மட்டுமானது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் பட்டியல் 106 ஆக நீண்டது. ஆகவே ஓர் எண்ணைப் பார்த்தவுடன், எந்தப் பொருள்கள், எந்த ஆண்டு, எந்த முறை என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு மேற்கோள் காட்டுங்கள்.

அடுத்தது வர்த்தகப் புள்ளிவிவரம். ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தில் எந்த நாடு எந்த நாட்டுக்கு எதை விற்றது என்பதைப் பொருள் குறியீட்டு எண் வாரியாகப் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்கு 8471, தொலைபேசிக்கு 8517, டிவிக்கும் மானிட்டருக்கும் 8528, பிரிண்டருக்கும் நகல் இயந்திரத்துக்கும் 8443. இந்த எண்கள் புதியதையும் பழையதையும் பிரிப்பதில்லை. நேற்று ஆலையிலிருந்து வந்த லேப்டாப்பும் பத்து வருடம் உழைத்துக் களைத்த லேப்டாப்பும் ஒரே வரிசையில் உட்காரும். 2022 முதல் மின்கழிவுக்கென்றே 8549 என்ற தலைப்பு வந்திருக்கிறது. அதற்குள் விலைமதிப்புள்ள உலோகத்துக்காகச் சேகரித்தவை தனி, சர்க்யூட் போர்டுகள் தனி. அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முயன்றால் குழப்பமே மிஞ்சும்.

பழையதைப் புதியதிலிருந்து பிரிக்க ஒரு குறுக்குவழி உண்டு. மொத்த மதிப்பை எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போன லேப்டாப்பின் சராசரி விலை 400 டாலர் என்று வந்தால் புதியவை. 25 டாலர் என்று வந்தால் நிச்சயம் வேறு ஏதோ. பிறகு அதே வணிகத்தை வாங்கிய நாட்டின் கணக்கிலும் பாருங்கள். இரண்டும் பொருந்தாது. பொருந்தாததைக் கண்டதும் "கடத்தல்" என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள். ஏற்றுமதிக் கணக்கில் கப்பல் கட்டணம் சேராது, இறக்குமதிக் கணக்கில் சேரும். டிசம்பரில் ஏற்றியது ஜனவரியில் இறங்கும். துபாய், ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகப் போனால் யாருடைய கணக்கில் எழுதுவது என்பதே தகராறு. இவையெல்லாம் கழித்த பிறகும் ஆண்டுதோறும் ஒரே திசையில் இடைவெளி தொடர்ந்தால், அப்போது தோண்டுங்கள்.

துறைமுகம்

அபாயக் கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரி 1 முதல் அபாயகரமானது, அபாயமற்றது என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா மின்கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்அனுமதி வேண்டும். உடன்படிக்கையில் 1990இல் கையெழுத்திட்ட அமெரிக்கா இன்றுவரை அதை உறுதிப்படுத்தவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பல தடங்கள் அங்கே தொடங்குகின்றன.

விதி இறுகினால் சரக்கு நிற்காது, அதன் பெயர்தான் மாறும். கழிவு என்று எழுதவேண்டியதைப் பழைய பொருள், உதிரி பாகம், பழுதுபார்க்க அனுப்புவது, பள்ளிக்கு நன்கொடை, வீட்டுச் சாமான், உலோகத் துண்டு என்று எழுதுவார்கள். ஆகவே எந்த ஆவணத்திலும் பொருளின் விவரத்தை மட்டும் படிக்காதீர்கள், எடையையும் பாருங்கள். 40 அடி கண்டெய்னரின் கொள்ளளவு சுமார் 67 கன மீட்டர். விற்கப்போகிற மானிட்டர் என்றால் அட்டைப்பெட்டியோ தடுப்போ வைத்து அடுக்கவேண்டும், இடம் வீணாகும், எடை குறையும். கதவு மூடும் அளவுக்குத் திணித்து எடை எகிறியிருந்தால், உள்ளே இருப்பவை மறுபடி ஓடவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கண்டெய்னர் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு ஆங்கில எழுத்து, அதன்பின் ஏழு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைக் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. அந்த எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இட்டால் எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எங்கே இறங்கியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங் கிடைத்தால் அனுப்பியவர், பெறுபவர், சரக்கு வந்த தகவலைப் பெறவேண்டியவர் ஆகிய மூன்று கட்டங்களையும் பாருங்கள். பெறுபவர் கட்டத்தில் வங்கியின் பெயரோ, "உத்தரவுப்படி" என்றோ இருந்தால், உண்மையான ஆள் மூன்றாவது கட்டத்தில் இருக்கக்கூடும்.

கண்டெய்னரையே முறைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். லாகோஸ் துறைமுகங்களில் 2015, 2016 ஆண்டுகளில் ஐ.நா. பல்கலைக்கழகம் உள்ளிட்ட அமைப்புகள் ஆட்களை நிறுத்திக் கண்காணித்தன. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் பழைய மின்சாதனங்கள் வந்தன. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு வந்தது பழைய கார்களுக்கும் வேன்களுக்கும் உள்ளே. இருக்கையிலும் டிக்கியிலும் டிவி, ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் என்று அடைத்து, வண்டியைக் கப்பலில் ஓட்டி ஏற்றியிருக்கிறார்கள். காகிதத்தில் அது ஒரு கார். சோதித்துப் பார்த்ததில் குறைந்தது 19 விழுக்காடு ஓடாதவை. அப்படியானால் மீதியில் பெரும்பகுதி ஓடியது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். லாகோஸில் அவற்றைச் சரிசெய்து விற்று வாழும் பெரிய தொழில் இருக்கிறது.

இந்தியாவில் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தனிப்பட்ட இறக்குமதியாளரின் சரக்கு மதிப்பு, வகை, அளவு ஆகிய சுங்க விவரங்களைச் சட்டப்படி தேவையில்லாமல் வெளியிடுவதை 2022இல் குற்றமாக்கினார்கள். சுங்கச் சட்டத்தின் 135ஏஏ பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரோ ஒரு தரகர் சுங்கத் தரவுக் கோப்பு அனுப்பினார் என்று அப்படியே பதிவேற்றிவிடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதற்குப் பதிலாகப் பலரும் திறந்து பார்க்காத ஒரு பெட்டி இருக்கிறது. சுங்க மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். இவை பொது ஆவணங்கள். பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களை இறக்குமதி செய்த வழக்குகள் அங்கே ஏராளம். அப்படி ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போய் 2019இல் தீர்ப்பானது. இந்த இயந்திரங்கள் அடியோடு தடை செய்யப்பட்டவையா, அனுமதி பெற்றால் கொண்டுவரக்கூடியவையா என்பதே வாதம். இத்தகைய உத்தரவைப் படித்தால் எத்தனை இயந்திரம், என்ன மதிப்பு சொன்னார்கள், மதிப்பிட அங்கீகாரம் பெற்ற பொறியாளர் (சார்ட்டர்டு இன்ஜினியர்) சோதித்து எவ்வளவு என்றார், எவ்வளவு அபராதம் கட்டி மீட்டார்கள் என்று வரிசையாகக் கிடைக்கும். சரக்கு வரும் வழியை இவ்வளவு விவரமாகச் சொல்லும் ஆவணம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. இந்தியன் கனூன் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

உள்நாட்டுத் தடம்

இறக்குமதி பற்றிய பரபரப்பில் நம் வீட்டுக் கழிவு மறந்துபோகிறது. இன்று இந்தியாவில் சந்தைக்கு வரும் பழைய மின்சாதனங்களில் பெரும்பகுதி நாம் வாங்கி, நாம் பயன்படுத்தி, நாம் கழித்தவை.

தொடங்க நல்ல இடம் ஏலம். அரசு அலுவலகங்கள், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் பழைய கம்ப்யூட்டர்களை எம்.எஸ்.டி.சி. போன்ற அரசு ஏலத் தளங்கள் வழியாக விற்கின்றன. ஏல அறிவிப்பில் என்ன பொருள், எத்தனை, எங்கே கிடக்கிறது, யார் கேட்கலாம் என்பதெல்லாம் இருக்கும். மின்கழிவு என்று குறித்த லாட்டைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்தான் எடுக்க முடியும். இங்கேயும் பெயர்தான் முக்கியம். அதே கம்ப்யூட்டர்கள் "பழைய தளவாடங்கள்" என்ற லாட்டில் மேசை நாற்காலியோடு சேர்ந்து போவதைக் கண்டால் குறித்து வையுங்கள். விதிகளில் பட்டியலிட்ட சாதனங்களில் ஓர் ஆண்டில் 1000 அல்லது அதற்கு மேல் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு "மொத்த நுகர்வோர்" (பல்க் கன்ஸ்யூமர்) என்று பெயர். அது தன் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்கவேண்டும். உங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரி அதற்குள் வருமா என்று எண்ணிப் பாருங்கள்.

பதிவு பெற்றவர்களின் பெயர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. 2022 விதிகளின்படி தயாரிப்பவர், சந்தைப்படுத்துபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்று நான்கு வகைப் பதிவு. சந்தைப்படுத்தும் நிறுவனம், தான் முன்பு விற்ற பொருள்களின் எடையில் 2023-24இலும் 2024-25இலும் 60 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டு 70, பிறகு 80 என்று மறுசுழற்சி இலக்கை எட்டவேண்டும். அதற்காக மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கும். தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு ஆகியவை எவ்வளவு மீட்கப்பட்டன என்பதன் பேரில் சான்றிதழ் உண்டாகிறது. சான்றிதழ் மிக மலிவாக விற்றால் உண்மையான மறுசுழற்சிக்கு ஆகும் செலவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும். 2024இல் அரசு குறைந்தபட்ச விலை வைத்தது. பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற அதே கேள்விதான்.

மறுசுழற்சி ஆலையைப் பார்க்க அனுமதி கிடைத்தால் இயந்திரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போர்டுகள் எங்கே போகின்றன? இரும்பும் பிளாஸ்டிக்கும் உள்ளூரிலேயே விற்கும். சர்க்யூட் போர்டிலிருந்து தங்கத்தையும் பல்லேடியத்தையும் ஒழுங்காகப் பிரிக்கப் பெரிய உருக்காலை வேண்டும். பெல்ஜியத்தில் ஹோபோகன், சுவீடனில் ரோன்ஷார், கனடாவில் ரூயின்-நொராண்டா என்று உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே அதற்குப் பேர்போனவை. அங்கே அனுப்புகிறார் என்றால் ஏற்றுமதி ஆவணம் இருக்கும். தானே பிரிக்கிறார் என்றால் அமிலத் தொட்டி, புகை வடிகட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் கண்ணில் படவேண்டும். "டெல்லிக்குப் போகிறது" என்று சொல்லி நிறுத்தினால், டெல்லியில் மின்கழிவு உடைக்கும் பகுதியான சீலம்பூரோ, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தோ அடுத்த நிறுத்தமாக இருக்கலாம். மொராதாபாத் பித்தளைக்குப் பெயர்போன ஊர். போர்டிலிருந்து உலோகம் எடுக்கும் வேலை வீடுகளுக்குள்ளேயே நடந்து, சாம்பல் ராமகங்கை ஆற்றங்கரையில் சேர்ந்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

வாசலில் இருக்கும் எடைமேடையையும் கவனியுங்கள். உள்ளே வந்த எடையும் வெளியே போன எடையும் கிடங்கில் இருப்பதும் கூட்டிக் கழித்தால் நேராகவேண்டும். மின்கட்டணமும் ஆட்களின் எண்ணிக்கையும் அறிவித்த கொள்ளளவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மாதம் நூறு டன் உடைப்பதாகச் சொல்லும் இடம் சத்தமில்லாமல் இருக்க முடியாது.

கடைத்தெருவில்

சென்னையில் இருப்பவருக்கு ரிச்சி தெருவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அண்ணா சாலையிலிருந்து திரும்பி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றினால், முன்பக்கம் புதுப்பொருள் கடை, மாடியிலும் சந்திலும் பழுதுபார்ப்பவர்கள். ஒருவர் மேசையில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் வாடிக்கையாளரின் லேப்டாப் போர்டு. இன்னொரு பக்கம் டப்பா நிறைய டெட் போர்டுகள். சூடான காற்றுக் குழலை ஐசியின்மேல் வட்டமாகக் காட்டுகிறார், ஈயம் இளகி மினுங்குகிறது, இடுக்கியால் ஐசியைத் தூக்கி மற்ற போர்டில் வைக்கிறார். ஓடாத சரக்கு என்று சுங்கம் எழுதுவதும், கழிவு என்று உடன்படிக்கை சொல்வதும், இவருக்குப் பாகம் தரும் கையிருப்பு. டப்பாவில் இருப்பது எங்கிருந்து வந்தது, இவருக்கும் உதவாத போர்டை யார் வந்து எடுத்துப்போகிறார், கிலோ என்ன விலை என்பவை நீங்கள் கேட்கவேண்டியவை. முதல் நாளே கேட்கக்கூடாது.

போகும்போது உண்மையாகவே பழுதான ஒரு பொருளைக் கொண்டுபோங்கள். கூலி பேரம் பேசாதீர்கள். வேலை மும்முரமான மாலை நேரத்தைத் தவிர்த்து, கடை திறந்து கொஞ்ச நேரம் கழித்துப் போங்கள். கேமராவைப் பையிலேயே வையுங்கள். யார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆய்வு செய்கிறேன், எழுதப்போகிறேன், உங்கள் பெயர் வராது என்று சொல்லிவிட்டால் பேசுகிறவர் பேசுவார். வியாபாரி வேடம் போட்டால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள், அந்தத் தெருவில் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

உடைக்கும் இடங்களுக்குப் போகும்போது மூடிய காலணி கட்டாயம். அமிலம் காய்ச்சும் இடத்துக்குத் தனியாகப் போகவேண்டாம். தங்கத்தைக் கரைக்கப் பயன்படும் ராஜ திராவகம் என்ற அமிலக் கலவையின் புகையை ஒரு தடவை இழுத்தாலும் நெஞ்சு எரியும். வேலை செய்பவரின் முகம் தெரியும் படம் வேண்டாம். உங்கள் கட்டுரை வந்த பிறகு வரும் சோதனையில் முதலில் பிடிபடுவது கூலிக்காரர், சரக்கு அனுப்பியவர் அல்ல.

கருவி வைத்துத் தொடர்வது

எல்லாரும் ஆசைப்படும் பகுதி. 2009இல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸும் பிரிட்டனின் ஸ்கை நியூஸ் தொலைக்காட்சியும் சரிசெய்ய முடியாதபடி பழுதாக்கிய ஒரு டிவிக்குள் இடம்காட்டும் கருவியை வைத்து, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள மறுசுழற்சி மையத்தில் போட்டார்கள். அங்கேயே உடைபட்டிருக்கவேண்டிய டிவி, பழைய டிவிகளோடு ஏறி லாகோஸின் அலாபா சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. 2016இல் பேசல் ஆக்‌ஷன் நெட்வொர்க், அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யின் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து அமெரிக்காவில் சுமார் 200 பழைய மானிட்டர், பிரிண்டர்களில் கருவி வைத்தது. மூன்றில் ஒரு பங்கு நாட்டை விட்டு வெளியேறியது, அதில் பெரும்பகுதி ஹாங்காங்குக்கு. ஏற்றுமதி செய்யமாட்டோம் என்று உறுதி கொடுத்திருந்த சியாட்டில் நிறுவனம் ஒன்று இதில் அகப்பட்டது. அதன் உரிமையாளர்கள் இருவருக்கு 2019இல் 28 மாதச் சிறை. ஐரோப்பாவில் 10 நாடுகளில் அதே அமைப்பு 314 கருவி வைத்தபோது 19 மட்டுமே நாட்டை விட்டுப் போயின. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது நல்லது.

நீங்கள் செய்வதானால், உங்களுக்குச் சொந்தமான பொருளில் மட்டும் வையுங்கள். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் வராது, பிளாஸ்டிக் உடல் கொண்ட பிரிண்டரோ மானிட்டரோ சரி. சிம் உள்ள கருவியை நாளுக்கு ஒருமுறை மட்டும் விழிக்கச் சொன்னால் பேட்டரி நெடுநாள் வரும். பக்கத்து மொபைல்களை நம்பி இயங்கும் புளூடூத் வில்லைகள் மலிவு, ஆனால் அருகில் இருப்பவரின் மொபைலில் "தெரியாத கருவி உங்களோடு வருகிறது" என்று எச்சரிக்கை காட்டிவிடும். கண்டெய்னருக்குள் போனதும் எல்லாக் கருவியும் ஊமையாகும். துறைமுகத்தின் அருகே மறைந்து, பல வாரம் கழித்து வேறு நாட்டில் கண் திறந்தால் கதை தெரிந்துவிடும்.

வரும் புள்ளிகளைப் படிக்க நிதானம் வேண்டும். கடைசிப் புள்ளி என்பது பொருளின் கடைசி இடம் அல்ல, பேட்டரியின் கடைசி இடம். கருவி ஒரு குடியிருப்பில் மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால், யாரோ அதைச் சரிசெய்து பயன்படுத்துகிறார். அது நல்ல செய்தி. அந்த நொடியே கண்காணிப்பை நிறுத்துங்கள். நீங்கள் பின்தொடர வந்தது பிரிண்டரை, அந்தக் குடும்பத்தை அல்ல.

மனுவும் குறிப்பேடும்

காகிதம் கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். "மின்கழிவு பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. இந்த மாவட்டத்தில், இந்த நிதியாண்டில், உங்கள் அலுவலகம் கழித்த கம்ப்யூட்டர்களின் எண்ணிக்கை, பெற்றுக்கொண்டவரின் பெயர், பெற்ற தொகை, ஒப்படைப்புச் சீட்டின் நகல் என்று வரிசை எண் போட்டுக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலைகளின் ஆய்வு அறிக்கை கேட்கும்போது ஆலையின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வரி போதும். தேதி, இடம், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், பொருளை அங்கே என்ன பெயரில் அழைத்தார்கள், எடையா எண்ணிக்கையா, பணம் எந்தப் பக்கம் போனது, இது உங்களுக்கு எப்படித் தெரியும். கடைசிக் கட்டத்தில் "பார்த்தேன்", "ஆவணம்", "சொன்னார்கள்" என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "சொன்னார்கள்" என்று இருப்பதை இன்னொரு ஆளிடமோ ஆவணத்திலோ உறுதிசெய்யாமல் அச்சில் ஏற்றாதீர்கள்.

தடம் பாதியில் அறுவது சகஜம். அறுந்த இடத்தில் ஊகத்தை ஒட்டவைக்காமல், இன்ன தேதியில் இன்ன கிடங்குவரை தெரிந்தது என்று எழுதி விட்டுவிடுங்கள். அந்தக் கிடங்கின் எதிரே டீக்கடை வைத்திருப்பவரோ, அங்கே லாரி ஓட்டியவரோ அதைப் படித்துவிட்டு உங்களைத் தேடி வரக்கூடும். சட்டமீறல் தெளிவாகத் தெரிந்தால் படம், தேதி, இடக்குறிப்போடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மனுவில் அந்தப் புகாரின் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்க அந்த முத்திரை தேவைப்படும்.